பழைய காருக்கு மைலேஜ் கூட்ட கியர்பாக்ஸ், ஆக்சில், எஞ்சின் மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950களிலிருந்து 1970கள் வரை வந்த கார் ஒன்றை வைத்துக்கொண்டு, அதை நெடுஞ்சாலையிலும் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில் என்று இருக்கும் பெட்ரோல் கார்களை மனதில் வைத்தே பெரும்பாலும் பதில் சொல்லியிருக்கிறேன்.

பழைய கார் ஏன் இவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது?

எஞ்சின் பழசு என்பது பாதிக் காரணம்தான். மீதி கியரில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றுக்கு மூன்று அல்லது நான்கு கியர். டாப் கியர் 1:1. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரு சுற்று. மணிக்கு 70, 80 கி.மீ. வேகத்துக்கு அது சரியாகத்தான் இருந்தது. 100-இல் தொடர்ந்து போகும்போதுதான் எஞ்சின் தேவைக்கு மேல் சுற்றிக் கத்துகிறது.

அதிகம் சுற்றினால் இரண்டு நஷ்டம். ஒன்று உராய்வு. பிஸ்டன், பேரிங், வால்வு எல்லாம் சுற்றுக்குச் சுற்று தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று பெட்ரோல் எஞ்சினுக்கே உரியது. சமதரையில் சீராகப் போகும்போது, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பெரும்பகுதி மூடித்தான் இருக்கும். அந்த இடுக்கு வழியாகத்தான் பிஸ்டன் காற்றை இழுக்க வேண்டும். ஸ்ட்ராவை நசுக்கிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், புரியும். அதே வேகத்தைக் குறைந்த சுற்றில் எடுத்தால் த்ராட்டில் இன்னும் கொஞ்சம் திறந்திருக்கும், உறிஞ்சும் சிரமம் குறையும். ஓவர்டிரைவோ (டாப் கியருக்கும் மேலே எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) ஐந்தாவது கியரோ செய்வது இவ்வளவுதான்.

என் கார் 100-இல் எத்தனை ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) சுற்றுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் டயரின் சுற்றளவு. டயரின் அடியில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேராகத் தரையில் ஒரு கோடு. டயர் ஒரு முழுச் சுற்று வரும்வரை காரைத் தள்ளி, மறுபடி தரையில் கோடு போட்டு டேப்பால் அளந்துவிடுங்கள். ஆள் உட்கார்ந்திருக்க அளந்தால் இன்னும் சரியாக வரும்.

அடுத்து பின் ஆக்சிலின் விகிதம்: சக்கரங்கள் ஒரு சுற்று வர புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வர வேண்டும் என்பது. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் விகிதம். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால், இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் பாதியை விழுங்கிவிடும், அதனால்தான் இரண்டு சுற்று. சாதாரண டிஃபரென்ஷியலுக்கு மட்டுமே இந்த வழி.

சுற்றளவு 1.90 மீட்டர், ஆக்சில் 3.9 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,667 மீட்டர். 1.90-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 877 சுற்று. 3.9-ஆல் பெருக்கினால் 3,420. டாப் கியர் 1:1 என்பதால் எஞ்சினும் அதே 3,420. இதில் 0.80 ஓவர்டிரைவ் ஒன்றைச் சேர்த்தால் 2,740-க்கு இறங்கும். ஓவர்டிரைவ் இல்லாமல் ஆக்சிலை மட்டும் 3.5 ஆக்கினால் 3,070. எதை வாங்குவதற்கு முன்பும் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுவிடுங்கள்.

எத்தனை ஆர்பிஎம்முக்கு இறக்கலாம்?

குறைக்கக் குறைக்க நல்லது என்று நினைப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. எஞ்சினுக்கு அந்தச் சுற்றில் இழுக்கத் தெம்பு வேண்டும். பெரிய வி8 எஞ்சின் 2,000-இல் சோம்பலாகப் படுத்துக்கொண்டே 100-இல் போகும். 1,600, 1,800 சிசி நாலு சிலிண்டரை அங்கே கொண்டுபோனால் சின்ன மேடு வந்தாலே திணறும். நீங்கள் ஆக்சிலரேட்டரை அழுத்துவீர்கள், கார்புரேட்டர் பவர் ஜெட்டைத் திறக்கும், மிச்சப்படுத்தியது அங்கேயே போய்விடும். சின்ன எஞ்சினுக்கு 2,600-இலிருந்து 2,900 வரை போதும் என்பது என் கணக்கு. ரேஸுக்கு ஏற்ற கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்ட எஞ்சின் என்றால் கதை வேறு: கீழ்ச் சுற்றில் அதற்கு உயிரே இருக்காது, முதலில் கேமை மாற்றுங்கள்.

நிஜமாகவே எவ்வளவு மைலேஜ் கூடும்?

சுற்று 20 சதவீதம் குறைந்தால் பெட்ரோலும் 20 சதவீதம் குறையாது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகவும் டயரை உருட்டவும் தேவையான சக்தி அப்படியே இருக்கிறது. எஞ்சினுக்குள் வீணாவது மட்டும்தான் குறைகிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓட்டும்போது பத்து சதவீதத்தை ஒட்டிக் கிடைத்தாலே நல்ல வேலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் நின்று நின்று ஓடும் காருக்கு ஒன்றும் கிடைக்காது, ஐந்தாவது கியரே விழாதே!

கணக்கு இப்படி: 100 கி.மீ.க்கு 12 லிட்டர் குடித்த கார் 10.5-க்கு இறங்கியது என்று வையுங்கள். வருடம் 3,000 கி.மீ. ஓட்டினால் மிச்சம் 45 லிட்டர். ஒரு கியர்பாக்ஸின் விலையை இதில் எடுக்க எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே பாருங்கள். பெட்ரோல் காசை மட்டும் நினைத்து இதைச் செய்யாதீர்கள். சத்தம் குறையும், சூடு குறையும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடன் கத்தாமல் பேசலாம். அதற்காகச் செய்தால் வருத்தம் வராது.

இன்னொன்று. 100-இல் போகிறவர் 90-க்கு இறங்கினாலே கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் காற்றின் எதிர்ப்பு 19 சதவீதம் குறைகிறது, ஏனென்றால் அது வேகத்தின் இருமடியாக ஏறுவது. இதற்கு ஸ்பேனரே வேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது?

இருக்கிற எஞ்சினைச் சரியான நிலைக்குக் கொண்டுவருவதிலிருந்து. டியூனிங் கெட்டுப்போன எஞ்சினுக்குப் பின்னால் புது கியர்பாக்ஸ் மாட்டுவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய மூடி போடுவது போல.

நான் முதலில் பார்ப்பது தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. எப்போதோ ஒரு முறை கார் சூடேறியிருக்கும், யாரோ அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள், அப்புறம் அதைப் பற்றி எல்லோரும் மறந்துவிட்டிருப்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் நெடுஞ்சாலையில் சூடாவதே இல்லை. குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலைச் சரியாக ஆவியாக்காது. தேய்மானமும் கூடும்.

அடுத்தது, ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன வட்டப் பெட்டி, வேக்வம் அட்வான்ஸ். லேசான லோடில் சிலிண்டருக்குள் கலவை குறைவாக, அடர்த்தியில்லாமல் இருக்கும், மெதுவாக எரியும். அதனால் ஸ்பார்க் இன்னும் முன்னாலேயே விழ வேண்டும். அந்தக் கூடுதல் அட்வான்ஸைக் கொடுப்பது இந்தப் பெட்டிதான். உள்ளே டயஃப்ரம் கிழிந்திருந்தால் கார் ஓடும், பவரிலும் பெரிய வித்தியாசம் தெரியாது, மைலேஜ் மட்டும் போகும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். பாயிண்ட் தட்டு நகர வேண்டும். குழாயை நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நகர்ந்துவிட்டு மெதுவாகத் திரும்பினால் டயஃப்ரம் ஓட்டை.

வால்வு கிளியரன்ஸ், பாயிண்ட் கேப், சோக் முழுதாகத் திறக்கிறதா, ஃப்ளோட் உயரம், டயர் காற்று: இவை உங்களுக்கே தெரியும். பிரேக் பிடித்துக்கொண்டு இருக்கிறதா என்பதை மட்டும் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கி.மீ. ஓட்டிவிட்டு வீல் ஒவ்வொன்றின் அருகிலும் கை கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பெட்ரோல் எரிகிறது.

மைலேஜை எப்படி அளந்தால் நம்பலாம்?

டேங்கை நிரப்பி, ஓட்டி, அதே பம்பில் மறுபடி நிரப்பி. ஒரு முறை அல்ல, குறைந்தது மூன்று முறை. அதைவிட முக்கியம், காரின் ஓடோமீட்டர் உண்மை சொல்கிறதா என்பது.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஆக்சிலை 3.9-லிருந்து 3.5-க்கு மாற்றினார். லிட்டருக்கு 10 கொடுத்த கார் 9.7 கொடுக்கிறது என்று தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய மீட்டர் கேபிள் கியர்பாக்ஸின் வாலிலிருந்து வருவது. ஆக்சில் மாறியதும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றுவது குறைந்துவிட்டது, 100 கி.மீ. ஓடினால் மீட்டர் 90 என்றுதான் காட்டும். ஜிபிஎஸ் வைத்துத் திருத்தினால் நிஜ மைலேஜ் 10.8. பெரிய டயர் போட்டாலும் இதே கதை. சின்ன டயர் போட்டால் தலைகீழ்: மீட்டர் கூடுதலாகக் காட்டும், மைலேஜ் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம். மாற்றுவதற்கு முன்பே ஜிபிஎஸ் வைத்து மீட்டரின் பிழையை எழுதிவைத்துவிடுங்கள்.

ஆக்சில் மாற்றம், ஓவர்டிரைவ், ஐந்து கியர் பாக்ஸ்: எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் மாடலுக்கே வேறொரு ஆக்சில் விகிதம் வந்திருந்தால் அதுதான் எளிது. வெளியே எதுவும் தெரியாது. ஆனால் எல்லா கியரும் சேர்ந்து நீளும். மேட்டில் கிளம்பும்போது கிளட்சைக் கொஞ்சம் அதிகம் தேய்க்க வேண்டிவரும். பத்து சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். கிரவுன்-பினியன் என்ற ஆக்சில் பல்சக்கர ஜோடியை மட்டும் வாங்கி நீங்களே செட் செய்வதைவிட, முழு டிஃபரென்ஷியலாகக் கிடைத்தால் நிம்மதி. பினியன் ஆழமும் பேக்லாஷும் (பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) சரியில்லை என்றால் வாழ்நாள் முழுக்க ஊளையிடும்.

எனக்குப் பிடித்தது, அந்தக் காருக்குக் கம்பெனியே ஆப்ஷனாகக் கொடுத்த ஓவர்டிரைவ். எம்ஜிபி, ட்ரையம்ஃப், வால்வோ எல்லாவற்றிலும் வந்த லேகாக் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸின் வாலில் உட்காரும்; விகிதம் ஏறக்குறைய 0.80, ஒரு சுவிட்சைத் தட்டினால் சோலனாய்டு எண்ணெய் அழுத்தத்தைத் திறந்துவிடும், கிளட்சே தொட வேண்டாம். டாப் கியரில் அதைத் தட்டும்போது எஞ்சின் சத்தம் ஒரு படி இறங்கும் பாருங்கள், அந்தச் சுகமே தனி. வயரிங்கில் மட்டும் ஒரு விஷயம்: கியர்பாக்ஸின் மேல் இருக்கும், கீழ்க் கியர்களிலும் ரிவர்ஸிலும் ஓவர்டிரைவ் விழாமல் தடுக்கும் இன்ஹிபிட்டர் சுவிட்சை யாரும் பைபாஸ் செய்திருக்கக் கூடாது. ஓவர்டிரைவ் போட்டபடி ரிவர்ஸ் எடுத்தால் உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் நொறுங்கிவிடும்.

பழைய அமெரிக்கக் கார்களில் வந்த போர்க்-வார்னர் ஓவர்டிரைவ் வேறு ரகம். 0.70, நல்ல இறக்கம்தான். ஆனால் அந்த வசதியைப் போட்டுவிட்டால் குறைந்த வேகத்தில் ஃப்ரீவீல் ஆகும் (காலை எடுத்தால் சக்கரம் எஞ்சினிலிருந்து விடுபட்டு உருளும்), எஞ்சின் பிரேக்கிங் இருக்காது. பழகாதவர் கையில் இறக்கத்தில் கொடுக்காதீர்கள்.

ஐந்து கியர் பாக்ஸ்தான் இன்று அதிகம் பேர் போகும் வழி. அமெரிக்கக் கார்களுக்கு டி5, ஐரோப்பியக் கார்களுக்கு ஃபோர்டு டைப் 9. எல்லோரும் ஐந்தாவது கியரை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். முதல் கியரைப் பாருங்கள். நாலு சிலிண்டர் டைப் 9-இன் முதல் கியர் 3.65. ஆக்சில் 3.9 என்றால் மொத்தம் 14.2. கார் இரண்டு அடி நகர்வதற்குள் இரண்டாவது கியர் கேட்கும். சிக்னலில் திரும்பும்போது பாதி வழியில் கியர் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். வி6 கார்களுக்கு வந்த டைப் 9-இல் முதல் கியர் 3.36, கொஞ்சம் நிம்மதி. ஐந்தாவது இரண்டிலும் 0.82. டி5-இல் இன்னும் குழப்பம், ஒரே பெயரில் பல விகிதங்கள்: வி8 ஃபோர்டுகளுக்கு வந்தவற்றிலேயே ஐந்தாவது 0.68 உண்டு, 0.63-உம் உண்டு. பெட்டியில் இருக்கும் தகட்டு எண்ணைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஆட்டோமேட்டிக் காரில் முடியுமா?

முடியும், சொல்லப்போனால் மேனுவலைவிட இங்கேதான் லாபம் அதிகம். மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கில் டாப் கியர் 1:1 என்பது போதாதென்று, கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் எப்போதும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வழுக்கலும் சூடாகத்தான் போகிறது. ஜிஎம்மின் 700ஆர்4 போன்ற நாலு கியர் பெட்டி 0.70 ஓவர்டிரைவும் கொடுக்கும், கன்வெர்ட்டரைப் பூட்டும் லாக்-அப்பும் கொடுக்கும்.

இதில் பெட்டிகள் சாவது ஒரே இடத்தில்: கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் த்ராட்டில் வால்வு கேபிள். பழைய பெட்டியின் கிக்டவுன் கேபிள் (ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் கீழ் கியருக்கு இறக்குவது) மாதிரிதான் இருக்கும், அதனால் ஏனோதானோ என்று மாட்டிவிடுகிறார்கள். இது கிக்டவுனுக்கு மட்டும் அல்ல, பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தத்தையே இதுதான் தீர்மானிக்கிறது. கேபிள் தளர்ந்திருந்தால் அழுத்தம் போதாது, கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கிக் கருகும். புதிதாக ஓவர்ஹால் செய்த பெட்டியாக இருந்தாலும் தாங்காது. த்ராட்டில் முழுதாகத் திறக்கும்போது கேபிளும் முழுதாக இழுபட வேண்டும். கார்புரேட்டர் லிவரில் அது கோக்கும் இடத்தின் கோணமும் சரியாக இருக்க வேண்டும். அதற்கென்றே விற்கும் பிராக்கெட்டை வாங்கிவிடுங்கள். பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்காமல் சாலையில் இறக்காதீர்கள்.

லாக்-அப்புக்கு வயரிங் கொடுக்கும்போது பிரேக் சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். இல்லையென்றால் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும்.

மாட்டும்போது எங்கே சறுக்கும்?

கியர்பாக்ஸ் என்று நினைத்துக் கையை வைப்பீர்கள். கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைன், கிராங்க் முனையில் இருக்கும் ஸ்பிகாட் புஷ், ரிலீஸ் பேரிங், கிராஸ் மெம்பர், கியர் லிவர் வெளியே வரும் இடம், ரிவர்ஸ் லைட் சுவிட்ச், மீட்டர் கேபிள் என்று பட்டியல் நீளும். தயாரான கிட் கிடைத்தால் வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கிட்டில் வராத வேலைகள் இரண்டு. ஒன்று, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் எஞ்சினுக்கு நேர் மையத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. டயல் கேஜை ஃபிளைவீலில் ஒட்டி, ஹவுசிங்கின் நடு ஓட்டைக்குள் முனையை வைத்து, எஞ்சினைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். மையம் 0.13 மி.மீ.க்கு மேல் விலகியிருக்கக் கூடாது. கேஜின் முள் காட்டுவது அதைப்போல் இரண்டு மடங்கு என்பதை மறக்காதீர்கள். அதைத் தாண்டினால் மையம் விலகிய டவல் பின் (ஹவுசிங்கை இடத்தில் பிடிக்கும் முளை) போட்டுத் திருத்தலாம். யாரும் இதைச் செய்வதில்லை. அப்புறம் கியர் சரியாக விழவில்லை, இன்புட் பேரிங் சத்தம் போடுகிறது என்று பெட்டியைக் குறை சொல்வார்கள்.

இன்னொன்று புரொப்பெல்லர் ஷாஃப்ட். புதுப் பெட்டி நீளமாக இருந்தால் ஷாஃப்டை வெட்டிக் குறைத்து பேலன்ஸ் செய்ய வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். கோணம்தான் மறந்துபோகும். பெட்டியின் வெளி ஷாஃப்டும் ஆக்சிலின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜாயிண்டிலும் கோணம் மூன்று டிகிரிக்குள் இருந்தால் நல்லது. சுத்தமாகப் பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது, ஜாயிண்டின் கிராஸில் உள்ள ஊசி பேரிங்குகள் அசையாமல் ஒரே இடத்தில் குழி விழும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கார் உறுமினால், டயரைச் சந்தேகிப்பதற்கு முன் பெட்டியின் வாலுக்குக் கீழே ஒரு மெல்லிய தகட்டை வைத்துப் பாருங்கள்.

எஞ்சினையே புதியதாக மாற்றிவிட்டால்?

மைலேஜ் நிச்சயம் கூடும். கூடவே ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), உயர் அழுத்த பெட்ரோல் பம்ப், டேங்குக்குத் திரும்பும் குழாய், ஆக்சிஜன் சென்சார், புது சைலன்சர் பைப், புது ரேடியேட்டர் எல்லாம் வரும். பதிவு ஆவணத்தில் எஞ்சின் எண் மாறும். அதற்கு என்ன அனுமதி வேண்டும் என்று கழற்றுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டீசல் போட நினைப்பவர்களுக்கு: எடை முன்னால் கூடும், அதிர்வு கூடும், ஸ்டியரிங் கனக்கும். பிரேக்கும் ஸ்பிரிங்கும் அந்த எடைக்குப் போட்டவை அல்ல. என்னைக் கேட்டால் எஞ்சின் ஏற்கெனவே செத்துப்போன காருக்கு மட்டும்தான் இந்த வழி.

கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்ஜெக்‌ஷன் போடலாமா?

காலையில் ஒரே ஸ்டார்ட்டில் எடுக்கும், மலை ஏறினாலும் தடுமாறாது. அதற்காகப் போடுங்கள். மைலேஜுக்காக என்றால், முதலில் ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் மாட்டிப் பாருங்கள். சீராகப் போகும்போது காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற கணக்கில் அல்லது அதைவிடக் கொஞ்சம் லீனாக (பெட்ரோல் குறைவாக) இருக்கலாம். பவருக்கு 12.5, 13 வேண்டும். பழைய கார்புரேட்டர்கள் சும்மா போகும்போதே 12.5-இல் ஓடிக்கொண்டிருப்பது உண்டு. ஒரு ஜெட்டையோ ஊசியையோ மாற்றினால் தீரும் விஷயம் அது. ரொம்ப லீனாக்கினால் கார் முன்னும் பின்னும் துள்ளும். அங்கிருந்து ஒரு படி திரும்பி வாருங்கள்.

பின் எஞ்சின், காற்றால் குளிரும் கார்களுக்கு?

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் நாலாவது கியரை நீட்டலாம், செய்கிறார்கள். ஆனால் அதில் குளிர்விக்கும் ஃபேன் எஞ்சின் பெல்ட்டில்தான் ஓடுகிறது. சுற்று குறைந்தால் காற்றும் குறையும், லோடு மட்டும் கூடும். எண்ணெய் வெப்பமானி இல்லாமல் செய்யாதீர்கள்.

டயர், எண்ணெய்?

பழைய கிராஸ்-பிளை டயரிலிருந்து ரேடியலுக்கு மாறினால் உருளும் எதிர்ப்பு குறையும், பிடிப்பும் கூடும். கியர் எண்ணெயில் கவனம்: பித்தளை சிங்க்ரோ (கியர் விழும்போது வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) உள்ள பெட்டிக்கு ஜிஎல்-4 என்று சொல்லியிருந்தால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், அதன் சேர்மானங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். எம்ஜிபி பெட்டிக்கு எஞ்சின் ஆயிலேதான், 20டபிள்யூ-50. பிற்கால டி5-க்கு ஆட்டோமேட்டிக் பெட்டியின் எண்ணெய். பெட்டிக்குப் பெட்டி மாறும், பழக்கத்தில் ஊற்றக் கூடாது.

காரின் மதிப்பு குறைந்துவிடாதா?

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 வருடம் ஆன, வரலாற்றுக்குப் பொருந்தும் நிலையில் பேணப்பட்ட வண்டியையே வரலாற்று வாகனம் என்கிறது. அந்த வகைச் சான்றிதழ் வேண்டும் என்றால், அந்தக் காலத்திலேயே கிடைத்த ஓவர்டிரைவோ ஆக்சிலோ தாண்டிப் போகாதீர்கள். மற்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காரின் உடம்பை வெட்டாதீர்கள். கியர்பாக்ஸை மூடும் டனல் தகட்டைச் சுத்தியலால் தட்டி இடம் எடுப்பது வேறு, கட்டிங் வீலால் அறுப்பது வேறு. கழற்றிய பெட்டியை எண்ணெயோடு, ஓட்டைகளை அடைத்து, போல்ட்டுகளை ஒரு பையில் கட்டி அதன் மேலேயே தொங்கவிட்டு எடுத்துவையுங்கள். அடுத்து வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

மாற்றியாயிற்று. இனி எப்படி ஓட்டுவது?

ஐந்தாவது கியரோ ஓவர்டிரைவோ 50 கி.மீ. வேகத்தில் போடுவதற்கு அல்ல. மேட்டில் எஞ்சினிலிருந்து பட்டாணி கொட்டுவது போன்ற நாக்கிங் சத்தம் கேட்டால் உடனே ஒரு கியர் இறங்குங்கள், பிடிவாதம் பிடிக்காதீர்கள். முதல் 500 கி.மீ. முடிந்ததும் காரை மேலே ஏற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளையும் கிராஸ் மெம்பர் போல்ட்டுகளையும் இன்னொரு முறை டார்க் ரெஞ்சால் பாருங்கள். பெட்டியின் வால் சீலில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் லெவல் பார்க்கும்போது கார் சமதரையில் நிற்கட்டும்.